சீலர் காப்பதும் காக்காததும்

சமையல் மேடையில் கல் பதித்து முடிந்ததும், 'மேலே ஒரு கோட் சீலர் அடித்துவிட்டால் போதும், ஒன்றும் ஆகாது' என்று சொல்லப்படுவது வழக்கம். இந்த வாக்கில் பாதிதான் உண்மை. கல்லுக்கு வரும் கேடு இரண்டு வகை. மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கி நிறம் மாற்றுவது கறை. புளிப்புப் பட்டு மேற்பரப்பே கரைந்து, பளபளப்புப் போய் மங்குவது அரிப்பு. சீலர் முதல் கேட்டைத் தாமதப்படுத்தும், இரண்டாவதைத் தடுக்காது. இது தெரியாததால்தான் காசு கொடுத்து சீலர் அடித்த மார்பிள் மேடையிலும் எலுமிச்சை மூடி வைத்த இடம் வட்டமாக வெளுத்துத் தெரிகிறது. குறை சீலர்மீதோ வீட்டுப் பெண்கள்மீதோ போடப்படுகிறது. இரண்டும் நியாயமில்லை. அந்த இடத்துக்கு அந்தக் கல் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றும் பார்வைக்கு வேறு வேறு என்றாலும் மூன்றிலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக்கல். அதே சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறினால் மார்பிள். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கின்றன. எது பட்டாலும் கால்சியம் கார்பனேட் கரைந்து கரியமில வாயு வெளியேறும். மார்பிளில் எலுமிச்சைச் சாறு தடம் விடச் சில நிமிடங்கள் போதும். ரசமும் புளிக்குழம்பும் அன்றாடம் கொதிக்கிற நம் சமையலறையில் இது ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் அல்ல. கிரானைட் வேறு இனம். குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களால் ஆன அதைச் சமையல் புளிப்பு அசைக்காது. ஆனால் கிரானைட் என்று கடையில் விற்கும் எல்லாமும் ஒன்றல்ல. கறுப்புக் கிரானைட் என்று பெயர் பெற்றவற்றில் பல, உண்மையில் டோலரைட், காப்ரோ போன்ற இறுக்கமான கரும்பாறைகள். அவை நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு, சீலரே வேண்டியிருக்காது. வெளிர் நிறக் கற்கள் சில நன்றாகவே உறிஞ்சும். சீலர் உண்மையில் பயன்படுவது அங்கேதான்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. உலர்ந்த கல்லில் ஒரு கரண்டி நீரை விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். துடைத்த இடம் கறுத்து ஈரம் ஏறியிருந்தால் கல் உறிஞ்சுகிறது. நிறம் மாறவில்லையென்றால் சீலருக்கு உள்ளே இறங்க இடமில்லை. மேலேயே தங்கி, திட்டுத்திட்டாக மங்கலாகக் காயும். வாங்கும்போது ஊடுருவும் வகையைக் கேளுங்கள். உணவு படும் இடத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலேன், சிலாக்சேன் போன்றவை கலந்த ஊடுருவும் வகை, கல்லின் நுண்துளைச் சுவர்களில் படிந்து நீரை ஒட்டவிடாமல் செய்கிறது. வார்னிஷ் போல மேலே படலம் போடும் வகை, பாத்திரம் உரசும் மேடையில் கீறி உரிந்துவிடும். கல்லைக் கழுவி ஒரு நாளாவது நன்றாக உலரவிட்டுப் பூச வேண்டும். டப்பாவில் சொன்ன சில நிமிடங்கள் ஊறியதும், காய்வதற்குள் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். பெரும்பாலும் சொதப்பல் நடப்பது இந்தத் துடைப்பில்தான். மறுபடி எப்போது பூசுவது என்பதைக் காலண்டர் சொல்லாது. அதே நீர்ச் சோதனை சொல்லும்.

அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் யார் சீலர் அடித்தார்கள் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். அவை பெரும்பாலும் கருங்கல். புளிப்புக்கு அசையாதவை, அரைத்த கையோடு கழுவப்பட்டவை. அவற்றில் பளபளப்பை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இன்றைய மேடையிடம் நாம் கேட்பது கண்ணாடிபோன்ற பாலிஷ். கெடுவதும் அந்தப் பாலிஷ்தான். கடப்பாவில் தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பு மீள்கிறதே என்பார்கள். மீளும், சோப்பு படும்வரை. எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, அரித்த இடத்தை நிரப்பாது. அதற்கு மறுபாலிஷ் ஒன்றே வழி.

சமையலைவிடப் பெரிய சேதம் சுத்தம் செய்வதில் நடக்கிறது. வேலை முடிந்து சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவதும், கழிப்பறைக்கான திரவத்தை மேடையில் தெளிப்பதும் மார்பிளையும் கடப்பாவையும் ஒரே நாளில் பாழாக்கும்; சிமென்ட் இணைப்புகளையும் தின்னும். வினிகரும் எலுமிச்சையும் 'இயற்கை' என்பதால் இந்தக் கற்களுக்கு நல்லவை ஆகிவிடாது. மென்மையான பாத்திர சோப்பு சில துளி, நீர், உலர்ந்த துணி போதும். மஞ்சள் எண்ணெய் ஏறிய கறைக்கு சமையல் சோடாவை நீரில் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடலாம்; ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடி செய்யலாம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறும் என்பதால் வெளிச்சம் விழும் மேடையில் அது தானாகவும் குறையும்.

மார்பிளை விரும்புகிறவர்கள் பூஜையறைக்கும் கூடத்துக்கும் போடட்டும். அடுப்பு மேடைக்கு இறுக்கமான கிரானைட்டே சரி. எதை வாங்குவதானாலும் கடையில் அந்தக் கல்லின் சிறு துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் ஒரு பாதியில் எலுமிச்சைச் சாறும் மறுபாதியில் எண்ணெயில் குழைத்த மஞ்சளும் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.