பெயருக்கு எத்தனை கட்டம்?

ஒரு பெரிய மென்பொருள் சரியாக இயங்கவில்லை என்றால் நிரல் எழுதியவரையே குறை சொல்கிறோம். பல நேரங்களில் பிழை நிரலில் இருப்பதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிய முதல் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளை முறையாக உருவாக்கும் துறையே ‘தேவைப் பொறியியல்’.

கான்சாபுரத்தில் ம. கவிதா என்றொரு மாணவி படிப்பதாகக் கொள்வோம். ‘ம’ என்பது தந்தை மணிகண்டனின் முதலெழுத்து. குடும்பப் பெயர் அன்று. குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் உள்ள படிவத்தில் அவர் ‘கவிதா மணிகண்டன்’ ஆகிறார். இன்னொன்றில் ‘கவிதா ம’. உதவித்தொகைக்காகப் பதிவுகளை ஒப்பிடும் கணினிக்கு இவர்கள் இரண்டு பேர்.

ஆதாரில் என்னென்ன தகவல்களைப் பெறுவது என்று வரையறுக்க 2009இல் என். விட்டல் தலைமையில் குழு அமைந்தது. முதல் எண் வழங்கப்பட்டதோ 2010 செப்டம்பரில்தான். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்காக, பிறந்த தேதி சான்றால் உறுதியானதா, அவரே சொன்னதா, தோராயமானதா என்று குறிக்க இடமுண்டு. 5 வயதுக்குட்பட்டோரிடம் கைரேகை பெறுவதில்லை. 5, 15 வயதுகளில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மக்களின் வாழ்க்கையைப் பார்த்து எழுதிய தேவைகள் இவை. ஆயினும் முதலெழுத்து முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதை எல்லா அமைப்புகளும் ஒன்றுபோல் வரையறுக்காதவரை கவிதாவின் சிக்கல் தீராது.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்பு மென்பொருளைச் சுமார் 17 கோடி டாலர் செலவழித்தபின் 2005இல் கைவிட்டது. தேவைகள் தெளிவாக வரையறுக்கப்படாமல், பணியின் நடுவே மாறிக்கொண்டே இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நல்ல தேவையை எப்படி அறிவது? கற்றல் விளைவு எழுதும் நமக்கு இது புதிதன்று. ‘கூட்டலைப் புரிந்துகொள்வார்’ என்பதைச் சோதிக்க முடியாது. ‘ஈரிலக்க எண்கள் இரண்டைக் கூட்டுவார்’ என்பதைச் சோதிக்கலாம். அதுபோல, ‘வருகைப்பதிவுச் செயலி வேகமாக இயங்க வேண்டும்’ என்பது விருப்பம். ‘எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் பதிந்தாலும் 3 நொடிக்குள் பக்கம் திறக்க வேண்டும், இணையம் இல்லாவிட்டால் பதிவு கைப்பேசியிலேயே தங்கி, இணைப்பு கிடைத்ததும் சேர வேண்டும்’ என்பது தேவை.

எனவே, செயலி குறித்துக் கருத்துக் கேட்கப்படும்போது ‘சிரமமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதாமல், யார், எப்போது, எந்தக் கட்டத்தில் தடைப்பட்டார், அங்கு என்ன நடந்திருக்க வேண்டும் என்ற நான்கையும் எழுதுவோம். முதலெழுத்தின் சிக்கலை நிரலாளர் தாமாக அறிய வழியில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எழுதுபவர் அறிவார்.