பானைக்கு வேர்த்த காலம்

மானாமதுரைப் பக்கம், எங்கள் அப்பத்தா வீட்டு அடுப்படி மூலையில் ஆற்று மணலைக் குவித்து அதன்மேல் ஒரு பானை உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில் ஆடிவிட்டு ஓடி வந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தால் நெஞ்சு வரைக்கும் சில்லென்று இறங்கும். பக்கத்திலேயே இருக்கும் பித்தளை அண்டாவில் அதே கிணற்றுத் தண்ணீர், வெதுவெதுவென்று. ஒருநாள் கேட்டேவிட்டேன்: "ரெண்டும் ஒரே தண்ணிதான, பானைத் தண்ணி மட்டும் எப்படி அப்பத்தா சில்லுன்னு இருக்கு?"

"பானைக்கு வேர்க்குதுல்லடா. வேர்த்தா குளிராதா?"

சின்னப் பயலின் வாயை அடைக்கச் சொன்ன பதில் என்றுதான் நினைத்தேன். பல வருடம் கழித்து இயற்பியல் வகுப்பில் ஆவியாதல் பாடம் நடந்தபோது தெரிந்தது, பாடம் முழுவதையும் அப்பத்தா ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தது.

மண்ணுக்கே குளிர்ச்சி உண்டு என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். வெறும் பானையைத் தொட்டுப் பாருங்கள். அறையின் சூடுதான் அதற்கும். குளிர்ச்சி மண்ணில் இல்லை, மண்ணில் இருக்கும் ஓட்டையில் இருக்கிறது. சூளையில் வெந்த மண், பீங்கானைப் போல உருகி இறுகிவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அப்படியே நிற்கும். அவற்றின் வழியே தண்ணீர் வெளிப்பக்கம் கசிந்து காற்றில் காய்கிறது. காய்வதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டு போகிறது.

எவ்வளவு பிடுங்கும்? ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்க எடுக்க வேண்டியதோ ஒரே ஒரு கலோரி. ஆக, போகிற ஒரு சொட்டு, இருக்கிற 580 சொட்டுகளை ஒவ்வொரு டிகிரி குளிரவைத்துவிட்டுப் போகிறது. பத்து லிட்டர் பானையில் 100 மில்லி கசிந்து காய்ந்தால், கணக்குப்படி 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடு இறங்க வேண்டும். வெளிக்காற்று சும்மா இருக்காது, சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் நடப்பில் இன்னும் அதிகம் கசிய வேண்டும். காலையில் தளும்ப ஊற்றிய பானை சாயங்காலம் கழுத்துக்குக் கீழே இறங்கியிருப்பது இதனால்தான். "பானை குடிச்சது போக மிச்சம்தான் நமக்கு" என்று அப்பத்தா சொல்லும்.

அந்தப் பானைக்கு ஊர் பார்த்து நடக்கும் குணமும் உண்டு. 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஈரமான ஒரு பொருள் 26 டிகிரிக்கு அருகில் வரை குளிரலாம். 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. முதலாவது மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கோடை. இரண்டாவது கடற்காற்று வீசும் சென்னை. சென்னையில் பானையின் மேல்பக்கம் நசநசவென்று ஈரமாகவே நிற்கும், காயாது. அங்கே நமக்கும் அப்படித்தானே! "மெட்ராஸ் பானை சரியில்லை" என்று ஊரிலிருந்து பானை தூக்கிப் போன உறவினர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். அந்தப் பானையும் அங்கே போய்ச் சரியில்லாமல்தான் போயிற்று.

அதே சென்னை ஒரு காலத்தில் குளிர்ச்சியைக் கப்பலில் இறக்குமதி செய்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, பாதி உலகைச் சுற்றிக் கொண்டுவந்தார் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையோரம் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கிய பிறகு அவர் பெயரில் அது இல்லமானது. மரத்தூள் எப்படிக் காத்தது? தூளுக்கு இடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பின்னாளில் எங்கள் ஊர் சர்பத் கடையில் ஐஸ் பாளத்தை உமியில் புதைத்துக் கோணிச் சாக்கால் மூடியதும் இதே வித்தை.

இன்று அப்பத்தா வீட்டில் பானை இருந்த மூலையில் ஃபிரிட்ஜ் நிற்கிறது. பானையைத் துரத்திவிட்டு வந்த புதுச் சரக்கு என்று அதைச் சொல்வார்கள். எனக்கு அது பானையின் பேரனாகத்தான் படுகிறது. அதற்குள்ளும் ஒரு திரவம் ஆவியாகிறது, அவ்வளவுதான். இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்குப் பங்காளி. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 12 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் குழம்பின் சூடும் பாலின் சூடும் அதைக் கொதிக்கவைக்கப் போதும். கொதித்து ஆவியாகும்போது அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பானை தன் ஆவியைக் காற்றில் விட்டுவிடும். ஃபிரிட்ஜ் விடுவதில்லை, கம்ப்ரஸரால் நெருக்கி, வாங்கிய சூட்டை வெளியே கக்கவைத்து, மறுபடி திரவமாக்கி உள்ளே அனுப்புகிறது. கரண்ட் பில் இந்த வேலைக்குத்தான்.

சூடு கக்கும் இடத்தை முன்பெல்லாம் பார்க்கலாம். பழைய ஃபிரிட்ஜின் முதுகில் கறுப்புக் கம்பி வலை இருக்கும். அடைமழையில் அதன்மேல் கைக்குட்டை காயப்போட்டவர்கள் நாங்கள். இப்போது பல மாடல்களில் அதைப் பக்கச் சுவருக்குள் மறைத்துவிட்டார்கள். சுவர் சுடுகிறது, ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரிப்பேர் இல்லை, உங்கள் பாலின் சூடு. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தால் அறை ஏன் குளிராது என்பதற்கும் பதில் இதுவே: முன்பக்கம் வாங்கியதை அதே அறைக்குள் வேறு பக்கம் கக்குகிறது, கூடவே செலவான மின்சாரத்தின் சூடும் சேர்கிறது.

பழைய ஃபிரிட்ஜ்களில் ஓடிய சி.எஃப்.சி. வாயு, மேலே போய் ஓசோன் படலத்தை அரித்தது தனிக்கதை. 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் அதை நிறுத்த ஒப்பந்தம் போட்டன. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. அப்பத்தாவின் பானை விட்ட ஆவிக்கு எந்த மாநாடும் கூட வேண்டியிருக்கவில்லை.

இப்போது கேள்வி கேட்பது என் தம்பி மகள். "பெரியப்பா, பாட்டிலுக்கு ஏன் வேர்க்குது? லீக்காகுதா?" ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த எவர்சில்வர் பாட்டில், மேசையில் வட்டமாகத் தண்ணீர் தேங்க நின்றது. அப்பத்தாவின் பதிலை எடுத்து நீட்ட வாய் வந்தது, நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். இது வேறு வேர்வை. பானைத் தண்ணீர் உள்ளிருந்து வெளியே வந்தது. பாட்டிலின் மேலே நிற்பது உள்ளே இருந்த தண்ணீரே அல்ல. அறைக் காற்றில் இருந்த ஈரம், குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் திரண்டது. பானையின் வேர்வை போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போயிற்று. பாட்டிலின் வேர்வை வரும்போது அந்த 580 கலோரியையும் கையோடு கொண்டுவந்து பாட்டிலிடம் கொடுக்கிறது. அந்தப் பானை வேர்த்துக் குளிர்ந்தது. இந்தப் பாட்டில் வேர்த்துச் சூடாகிறது.

அவள் நம்பவில்லை. பாட்டிலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு தண்ணீருக்குப் பதில் கலர் ஊற்றி வைத்து, மேலே திரள்வது நிறமில்லாமல் இருக்கிறதா என்று சோதித்தாள். நான் சொல்லித் தரவில்லை, அவளாகவே.

இந்தக் கோடையில் அவளுக்காக ஒரு பானை வாங்கப் போனோம். கடை நிறையக் குழாய் வைத்த பானைகள். பாதிக்கு மேல் மயில், மாங்காய் என்று பளபளக்கும் பெயின்ட். வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெயின்ட் அடித்ததை வாங்காதீர்கள், துளைகள் அடைந்துபோய் வேர்க்காது. சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், துளைக்குள் போன சோப்பு தண்ணீரில் இறங்கும். அலமாரிக்குள் வைக்காமல் ஜன்னல் காற்று படும் இடத்தில் வையுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றும் ஊரென்றால் நாளடைவில் துளைகளில் உப்பு படிந்து குளிர்ச்சி குறையும். அப்போது அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டுவிட்டு, அடுத்த பானைக்கு ஆள் அனுப்புங்கள்.