மலையை விட்டு இறங்காத நீலக் குருவி

தெமட்டகொடைப் பிள்ளைகளுக்கு மலைநாட்டு ரயில் புதிதல்ல. கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் உடரட்ட மெனிக்கே உங்கள் ஊர்த் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. அதில் ஏறி நானுஓயாவையும் தாண்டினால் பட்டிப்பொல வரும். இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் அதுதான்: ஏறத்தாழ 1,890 மீற்றர். அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் பாதையோரக் காட்டில், உலகில் வேறு எந்த நாட்டிலும் இல்லாத ஒரு குருவி வாழ்கிறது.

மங்கல்நீல ஈப்பிடிப்பான் என்று அதைச் சொல்லலாம். சாம்பல் கலந்த நீல உடம்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்ற நீலம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்பு. நீளம் சுமார் 15 சென்ரிமீற்றர். தாழ்ந்த கிளையில் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பூச்சி ஒன்று பறந்ததும் பாயும், காற்றிலேயே கவ்வும். அலகின் அடி அகலமாக இருப்பதால் வாய் நன்றாகத் திறக்கும். வாயோரத்தில் விறைப்பான முடிகள் தெரியும். அவை முடிகள் அல்ல, உருமாறிய இறகுகள்! துடிக்கும் பூச்சியின் காலும் சிறகும் கண்ணில் படாமல் அவை காக்கின்றன என்று கருதப்படுகிறது.

இனிமையாகப் பாடவும் செய்யும். நமக்குக் குரல்வளை மூச்சுக்குழாயின் மேல் நுனியில் இருக்கிறது. பாடும் பறவைகளுக்கோ, ஒலி எழுப்பும் உறுப்பு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் தனித்தனியே ஒலி எழுப்ப முடியும்.

இவ்வளவு அழகான குருவி ஏன் கொழும்புக்கு வருவதில்லை? 1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும். குளிர், பனிமூட்டம், பாசி படர்ந்த மரங்கள், கூடு கட்டப் பாறை இடுக்குகள்: அதற்கு வேண்டியதெல்லாம் மேலேதான். சுற்றிலும் வெப்பமான தாழ்நிலம். தீவுக்குள் இன்னொரு தீவில் இருப்பதைப் போல அது வாழ்கிறது.

அந்தச் சின்னத் தீவும் தேய்ந்துகொண்டே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. 1873இல் தாவரவியலாளர் யோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாதீர்கள் என்று ஆலோசனை சொன்னார். ஆட்சியாளர்கள் அதை ஏற்றார்கள். இந்தக் குருவியின் கதையில் அதைவிடப் பெரிய நல்ல செய்தி எனக்குத் தெரியவில்லை.

நமக்கும் அது நல்ல செய்திதான். அந்தக் காட்டின் இலைகளும் பாசியும் மூடுபனியின் நீர்த்துளிகளைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கின்றன. களனி கங்கையின் நீரூற்றுகளில் சில அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கங்கையின் நீர் அம்பத்தலையில் சுத்தமாக்கப்பட்டுக் கொழும்புக் குழாய்களுக்கு வருகிறது.

விடுமுறையில் மலைநாட்டுக்குப் போனால், ஹக்கல தாவரவியல் பூங்காவிலும் இந்தக் குருவியைத் தேடலாம். காலையிலேயே போங்கள். மர உச்சியைப் பார்க்காதீர்கள். தாழ்ந்த கிளைகளைப் பாருங்கள். கபில நிறத்தில் புள்ளி போட்ட குருவி ஒன்று பக்கத்தில் இருந்தால், வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள். அது இந்த நீலக் குருவியின் பிள்ளையாக இருக்கலாம்.