விளையாட்டுப் பெட்டிக்கு எந்த உறை நல்லது?

ஜூலை, ஆகஸ்டு வந்துவிட்டால் எங்கள் மூலக்குளத்தில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது விருந்தாளிகள் வந்து இறங்கிவிடுவார்கள். பிரான்சில் பள்ளி விடுமுறை அப்போதுதானே! 1956-ல் கையெழுத்தாகி 1962-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பங்கள் புதுச்சேரியில் பல உண்டு. 'சொல்தா வீடு' என்றால் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். முன்பெல்லாம் சித்தப்பாவோ மாமாவோ அங்கிருந்து வந்தால் சென்ட் பாட்டில், சாக்லேட், மிஞ்சினால் ஒரு கைக்கடிகாரம். இப்போது பிள்ளைகள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கேட்பது, "ஸ்விட்ச் கொண்டுவந்தீங்களா?"

சுவரில் இருக்கும் ஸ்விட்ச் அல்ல, சகோதரிகளே! ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 2017-ல் வெளியிட்ட கையடக்க வீடியோ விளையாட்டுப் பெட்டி. நம் சிறு வயதில் திருவிழாக் கடையில் விற்ற, கட்டம் கட்டமாக விழும் அந்த இரண்டு பேட்டரி 'வீடியோ கேம்' ஞாபகம் இருக்கிறதா? கைநழுவி விழுந்தால் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி விளையாடுவோம். இது அந்த ஜாதி அல்ல. நடுவில் பெரிய திரை, இரண்டு பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய பிடிகள், உள்ளே ஒரு குட்டி விசிறிகூட இருக்கிறது. விழுந்தால் செலவுதான். பழுது பார்க்க நம் ஊரில் அலைந்து, கடைசியில் சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியிருக்கும். வாங்கிக் கொடுத்தவரோ அடுத்த வருஷம்தான் வருவார்! அதற்குள் பிள்ளை முதுகில் நாலு அடி விழுந்து, வீட்டில் ஒரு வாரம் முகம் பார்த்துப் பேச்சிருக்காது. முந்நூறு நானூறு கிராம் எடையுள்ள ஒரு சாமான் எட்டு வயதுப் பையன் கையிலிருந்து என்றாவது ஒருநாள் நழுவத்தான் செய்யும். அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் முன்கூட்டியே உறை போடுவதுதான் நம் வேலை.

எங்கள் வீட்டில் என் கொழுந்தனார் கொண்டுவந்து கொடுத்தது நாலு வருஷமாக இரண்டு பையன்கள் கையில் உழல்கிறது. அதனால்தானோ என்னவோ, "அக்கா, இதுக்கு எந்தக் கவர் வாங்கணும்?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வந்துவிடுகிறார்கள்.

நான் முதலில் சொல்வது, "பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்க" என்பதுதான். ஸ்விட்ச் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நாலு உருப்படி உண்டு. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். எச்.ஏ.சி.-001 என்று இருந்தால் 2017-ல் வந்த முதல் பெட்டி, திரை 6.2 அங்குலம். எச்.டி.எச்.-001 என்றால் 2019-ல் வந்த 'லைட்'; 5.5 அங்குலத் திரை, பிடிகள் உடம்போடு ஒட்டியவை, கழலாது. எச்.இ.ஜி.-001 என்பது 2021-ல் வந்த 'ஓலெட்', 7 அங்குலம். பி.இ.இ.-001 என்றால் 2025 ஜூனில் வந்த 'ஸ்விட்ச் 2', 7.9 அங்குலம். முதல் பெட்டியின் நீளம் 239 மில்லிமீட்டர், ஓலெட்டின் நீளம் 242. வெறும் மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். ரவிக்கைக்கு அரை அங்குலம் குறைந்தால் என்ன பாடு என்று நமக்குத் தெரியாதா? அதே கதைதான். கடைக்காரர் "எல்லாத்துக்கும் சேரும்மா" என்று சொன்னால், பெட்டியையே கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். தபாலில் வரவழைப்பவர்கள் அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

உறையில் இரண்டு வகை. ஒன்று, விளையாடும்போதும் உடம்பிலேயே கிடக்கும் சட்டை. மற்றது, விளையாடி முடித்ததும் உள்ளே வைத்து ஜிப் போட்டு மூடும் பெட்டி. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் பெட்டியை வாங்குங்கள். ஏன் என்கிறீர்களா? விளையாடும்போது விழுவதைவிட, விளையாடி முடித்துக் கட்டில் ஓரத்திலும் சோபா மேலும் டி.வி. ஸ்டாண்டிலும் அப்படியே போட்டுவிட்டுப் போகும்போது ஆகும் சேதம்தான் அதிகம். நான் பார்த்த உடைசல்கள் எல்லாம் அப்படித்தான். ஒரு வீட்டில் தாத்தா அதன்மேல் உட்கார்ந்தே விட்டார், பாவம்!

ஹவாய் செருப்பின் அடிப்பாகம் இருக்கிறதல்லவா, அதுபோன்ற கெட்டி நுரையில் வார்த்து மேலே துணி ஒட்டிய பெட்டிகள்தான் நல்லவை. வாங்கும்போது மூடிய பெட்டியின் நடுவில் கட்டை விரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். குழிந்து உள்ளே போனால் வேண்டாம். உள்ளே பெட்டியை வைத்தால், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கட்டைவிரல் குமிழ்களும் மூடியில் அழுந்தக் கூடாது. அழுந்திக்கொண்டே கிடந்தால் அவை சீக்கிரம் தேய்ந்து, பொம்மை தானாக நகர ஆரம்பித்துவிடும். ஜிப் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்படி இருப்பது சௌகரியம். ஜிப்பின் உள்விளிம்பில் துணிப்பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த உலோகப் பல்லே திரையைக் கீறிவிடும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் பழைய ஜீன்ஸ் துணியில் பஞ்சு வைத்து, தையல்காரரிடம் கொடுத்து அழகாகப் பை தைத்து வாங்கினாள். கீறலுக்கு அது போதும். ஆனால் பள்ளிக்கூடப் பையிலோ, வில்லியனூர் பஸ்ஸிலோ நசுங்கினால் துணிப்பை ஒன்றும் காப்பாற்றாது.

இனி, சட்டைக்கு வருவோம். ரப்பர் போன்ற சிலிக்கான் சட்டை கைக்கு வழுக்காது, விழுந்தாலும் அடி தாங்கும். ஆனால் முறுக்கு தின்ற கையோடு பிள்ளை தொட்டால் எண்ணெய், தூசி, தலைமுடி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு பார்க்கவே அருவருப்பாக இருக்கும். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்திப் போட வேண்டும். (நன்றாக உலர்ந்த பிறகு!) கண்ணாடி போலத் தெரியும் கெட்டி பிளாஸ்டிக் சட்டை பார்வைக்கு அழகு, விழுந்தால் மூலையில் விரிசல் விடும். இரண்டுக்கும் நடுவில், செல்போனுக்குப் போடுவோமே, வளைந்து கொடுக்கும் அந்த ரகம், அதுதான் என் ஓட்டு. வருஷம் போனால் மஞ்சள் பூக்கும், அவ்வளவுதான்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. வெளிநாட்டுக் கடைகளில் படம் போட்டு விற்கும் தடித் தடியான கவர்கள் குளிர் நாட்டுக்காரர்களுக்குப் பொருந்தலாம். இந்தப் பெட்டியை 5 முதல் 35 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் உபயோகிக்கும்படிதான் கம்பெனியே சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம் மொட்டை மாடி வீட்டு அறை எத்தனை டிகிரி இருக்கும்? பெட்டி பின்பக்கத் துளை வழியாகக் காற்றை இழுத்து, மேல் விளிம்பில் உள்ள துளை வழியாகச் சூட்டை வெளியே தள்ளுகிறது. அந்த இரண்டு துளையையும் அடைக்கும் சட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டவே வேண்டாம். சட்டையைப் போட்டுக் கால் மணி நேரம் விளையாட விடுங்கள். பிறகு மேல் விளிம்புக்கு நேரே உள்ளங்கையைக் காட்டுங்கள். வெதுவெதுப்பாகக் காற்று வந்தால் சரி. உடம்பு கொதித்து, காற்று வராவிட்டால் அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விளையாடி முடித்த சூட்டோடு ஜிப் பெட்டிக்குள் வைத்து மூடுவதும் கூடாது. கொஞ்ச நேரம் மேஜைமேல் ஆற விடவேண்டும். தலையணை மேலும் போர்வைக்குள்ளும் வைத்து விளையாடினால் துளை அடைபட்டு, உள்ளே இருக்கும் பேட்டரிக்கு ஆபத்து. பின்பக்கம் உப்பியதுபோல் தெரிந்தால் உடனே நிறுத்தி, சார்ஜ் ஏற்றாமல், தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

திரைக்குக் கண்ணாடி ஒட்டுவது அவசியமா? முதல் பெட்டிக்கு அவசியம்தான். அதன் திரை பிளாஸ்டிக். நகம் பட்டால்கூடக் கீறல் விழும். டி.வி.யோடு இணைக்கும் 'டாக்' என்ற தாங்கியில் செருகி எடுக்கும்போதும் கீறும். ஓலெட், ஸ்விட்ச் 2 இரண்டிலும் கண்ணாடித் திரைக்கு மேல் மெல்லிய படலம் ஒன்று கம்பெனியிலேயே ஒட்டி வரும். கண்ணாடி உடைந்தால் சிதறி முகத்திலோ கையிலோ படாமலிருக்கத்தான் அது. ஃபிரிட்ஜ் கைப்பிடியின் பிளாஸ்டிக்கைப் பத்து வருஷம் பிரிக்காத நாம், இதை மட்டும் 'கடைக் காகிதம்' என்று நினைத்து நகத்தால் உரித்துவிடக் கூடாது. அதன்மேல்தான் புதுக் கண்ணாடியை ஒட்ட வேண்டும். '9 எச்' என்று அட்டையில் போட்டு வைரம் அளவு கெட்டி என்பதுபோல விற்கிறார்கள். அந்த 9 எச் பென்சிலை வைத்துப் பார்க்கும் கெட்டித்தனம். 9 எச் பென்சில் கீறாது என்று மட்டுமே அர்த்தம். கடற்கரை மணல் அதையும் கீறும். ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பறக்கும் தூசிதான் கொப்புளம் விழக் காரணம்.

மணல் என்றதும் ஞாபகம் வருகிறது, கடற்கரைக்குப் போகும்போது இது வீட்டிலேயே இருக்கட்டும். உப்புக் காற்றும் மணலும் குமிழுக்கு அடியில் புகுந்தால் எந்த உறையும் உதவாது.

கூடவே விற்கும் சில்லறைச் சாமான்களில் எது தேவை, எது வீண்? பன்னிரண்டு சாமான், இருபது சாமான் என்று மொத்தமாக ஒரு பையில் போட்டு விற்பதை நான் வாங்கச் சொல்வதில்லை. அதில் உருப்படியாக இருப்பது இரண்டோ மூன்றோதான். குமிழுக்கு மாட்டும் பூனைக்கால் ரப்பர் மூடிகள் பெரிய பிள்ளைகளுக்குச் சரி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். கழன்று வாய்க்குள் போய்விடும். விளையாட்டுச் சில்லுகளும் தபால் தலை அளவுதான் இருக்கின்றன. குழந்தை விழுங்கிவிடாமலிருக்க அவற்றின்மேல் கடும் கசப்பு பூசித்தான் அனுப்புகிறார்கள். (நம்பாமல் என் சின்னவன் நக்கிப் பார்த்துவிட்டு வேப்பங்கொழுந்து தேவலை என்றான்!) ஆனாலும் கசப்பை நம்பி விட்டுவிடாமல், சில்லுகளைச் செருக உள்ளேயே வரிசை உள்ள பெட்டியாக வாங்குவதே நல்லது.

மணிக்கட்டு வாரை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இதே கம்பெனி 2006-ல் 'வீ' என்றொரு விளையாட்டுப் பெட்டி வெளியிட்டபோது, கையை வீசி ஆடுகிற வேகத்தில் வார் அறுந்து பிடி பறந்துபோய் டி.வி.யில் மோதிய சம்பவங்கள் உண்டு. அந்த டிசம்பரில் சுமார் 32 லட்சம் வார்களைத் தடிமனான கயிறாக மாற்றித் தர வேண்டிவந்தது. ஸ்விட்சின் பிடிகளோடும் வார் வரும். டென்னிஸ், பௌலிங் ஆடும்போது அதை மணிக்கட்டில் மாட்டாமல் ஆட விடாதீர்கள். ஸ்விட்ச் 2-ன் பிடிகள் காந்தத்தால் ஒட்டுகின்றன. வீட்டில் பேஸ்மேக்கர் பொருத்திய பெரியவர் இருந்தால், அந்தப் பிடிகளை அவர் மார்புப் பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கூட வந்த சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிரான்சிலிருந்து வந்ததை நம் வீட்டில் தாராளமாகப் போடலாம். ஆனால் அதன் முள் நம் பிளக்கில் லொடலொடவென்று ஆடும். பொறி பறக்கும் முன் நல்லதாக ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மலிவு டாக்கும் வேண்டாம். 2018-ல் வேறு கம்பெனிகள் செய்த சில டாக்குகளில் செருகிய ஸ்விட்சுகள் அடியோடு செத்துப்போயின என்று உலகமெங்கும் புகார் கிளம்பியது.

கழுத்துவலி, கைவலி என்று பிள்ளை சொன்னால், பேட்டரி வைத்த கனமான பிடி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதைக் கழற்றிவிட்டு, சமையல் புத்தகம் வைப்போமே, அதுபோன்ற சாய்ப்புப் பலகையில் நிறுத்தி ஆடச் சொல்லுங்கள். மணிக்கு ஒரு தரம் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓய்வு கொடுக்கும்படி கம்பெனியின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. பிள்ளையிடம் நாம் சொன்னால் எடுபடாது. அதைப் படித்துக் காட்டுங்கள்!

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. பல வீடுகளில் கட்டில் கால் வரை தண்ணீர். துணி ஒட்டிய பெட்டி தண்ணீரைத் தடுக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் உறையோடு சேர்த்து அழுத்தமாக மூடும் டிபன் டப்பாவிலோ எவர்சில்வர் தூக்கிலோ போட்டுப் பரண்மேல் வைத்துவிடுங்கள். நனைந்துபோனால் அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். அரிசித் தூசு துளைக்குள் போகும். அணைத்து, சில்லை எடுத்துவிட்டு, சார்ஜ் போடாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதே சரி.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்குப் பரீட்சை முடியும்வரை பீரோவில் பூட்டி வைக்கும் அம்மாக்களும் உண்டு. அப்படி வைப்பவர்கள், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் அந்தக் குட்டிப் பொட்டலம், அதில் இரண்டை உறைக்குள் போட்டு வையுங்கள். சின்னக் குழந்தை கையில் மட்டும் அது கிடைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது எடுத்துச் சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி மறுபடி சார்ஜே ஏறாமல் போய்விடலாம்.