இரண்டு முதலாளிகளுக்கு நடுவே ஒரு தரகர்

திருவாதவூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று இருக்கிறது. தம்பிக்காக வாங்கிய புதியது ஒன்று. அக்காவின் கல்யாணப் படங்களும் திருமறைநாதர் கோயில் திருவிழாவில் எடுத்த வீடியோக்களும் பழையதில்தான் கிடக்கின்றன. அதை நிறுத்தினால் மறுபடி எழுமோ எழாதோ என்ற நிலை. தம்பி மேலூருக்குப் போய், இரண்டு முனையும் ஒரே மாதிரித் தட்டையாக இருக்கும் யுஎஸ்பி கேபிள் வாங்கி வருகிறான். இரண்டிலும் செருகுகிறான். எந்தத் திரையிலும் அசைவில்லை.

பழுது கணினியிலும் இல்லை, கேபிளிலும் இல்லை. யுஎஸ்பியின் அமைப்பே அப்படி. 1996இல் வெளிவந்த அதன் முதல் விதிமுறையிலேயே கணினி முதலாளி. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் எல்லாம் வேலையாட்கள். முதலாளி கேட்டால்தான் வேலையாள் பதில் சொல்லும். குஜராத்தின் வடோதராவில் படித்து, இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். எல்லா முடிவையும் கணினி எடுப்பதால் மவுஸைச் சிறிய, மலிவான சிப்போடு செய்ய முடிந்தது. யுஎஸ்பி உலகெங்கும் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

பழைய யுஎஸ்பி கேபிளுக்குள் 4 கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. கணினி தன் பக்கத்தில் தகவல் கம்பி இரண்டையும் 15 கிலோ ஓம் மின்தடைகளால் கீழே இழுத்து வைத்திருக்கும். பென் டிரைவைச் செருகினால், அது 1.5 கிலோ ஓம் மின்தடையால் ஒரு கம்பியை மேலே தூக்கும். ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று கணினி அறிவது அப்போதுதான். இரண்டு கணினிகளை நேரே இணைத்தால் இரண்டுமே கீழே இழுக்கும், தூக்க ஆளில்லை. அதனால் ஒன்று இருப்பதே மற்றதற்குத் தெரியாது. அதோடு, இரண்டும் ஒரே கம்பியில் 5 வோல்ட் மின்சாரம் தரும். அது எதிர்த்திசையில் பாய்ந்தால் போர்ட் கெடலாம். ஆகவே அந்தக் கேபிளை உடனே கழற்றிவிட வேண்டும்.

இதற்கென்றே பிரிட்ஜ் கேபிள் உண்டு. நடுவில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதற்குள்ளே ஒரு சிப். மாட்டுச் சந்தையில் தரகர் விற்பவரிடம் தனியாக, வாங்குபவரிடம் தனியாகத் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவாரே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. இரண்டு கணினிக்கும் தன்னை வேலையாளாகவே காட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் வாங்கியதை அந்தப் பக்கம் கொடுக்கிறது.

பிரிட்ஜ் கேபிளும் வேலை செய்யவில்லையா? வரிசையாகப் பாருங்கள். முதலில், நடுவில் ஹப் எதுவும் வைக்காமல் கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். அடுத்து, இரண்டு கணினியிலும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருந்தால் அந்தப் பக்கத்தில் டிரைவர் சரியில்லை. ஒன்றில் கேபிளின் பெயரே தென்படாவிட்டால் முனைகளை மாற்றிச் செருகுங்கள். குறை அதே கணினியில் நின்றால் அதன் போர்ட்டைச் சந்தேகிக்கலாம். அடுத்த கணினிக்குத் தாவினால் கேபிளின் அந்த முனைதான் காரணம். பெயர் இரண்டிலும் தெரிந்தும் கோப்பு போகவில்லை என்றால், கேபிளோடு வந்த மென்பொருள் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 7இல் இருந்த ஈஸி டிரான்ஸ்ஃபர் வசதி விண்டோஸ் 10இல் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

அரசு மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். லினக்ஸில் பல பிரிட்ஜ் சிப்களுக்கான டிரைவர் முன்பே இருக்கிறது. அது கேபிளை ஒரு நெட்வொர்க் இணைப்பாகவே காட்டும்.

புதிய டைப்-சி போர்ட்டில் மின்சாரம் மோதும் ஆபத்து இல்லை. யார் கொடுப்பது, யார் வாங்குவது என்று தீர்மானித்த பிறகே மின்சாரம் பாயும். ஆனால் யுஎஸ்பி4 அல்லது தண்டர்போல்ட் இரண்டிலும் இருந்தால்தான் சி கேபிள் வழியே கணினிகள் நேரடியாகப் பேசும்.

பிரிட்ஜ் கேபிள் கிடைக்காவிட்டால், இரண்டிலும் லேன் போர்ட் இருந்தால் லேன் கேபிளே போதும். ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கொடுத்து, கோப்புறையைப் பகிர்ந்தால் இணைப்பு தயார். லேனில் முதலாளி, வேலையாள் பேதம் கிடையாது.

யுஎஸ்பி 2.0இன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில் நொடிக்கு 20 எம்பி கிடைத்தாலும் 20 ஜிபி படங்கள் 17 நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடும். வந்ததும் பழையதை அழித்துவிட வேண்டாம். புதியதில் நாலைந்து படங்களைத் திறந்து, வீடியோ ஒன்றைக் கடைசிவரை ஓடவிட்டு, கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். கேபிள் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அக்காவின் கல்யாணத்தை இன்னொரு தடவை படமெடுக்க முடியாது.