ஒருவரை வீழ்த்த ஒரு வியூகம்!

1930-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டெஸ்ட் பந்தயம். ஆஸ்திரேலியாவின் முதல் விக்கெட் மளமளவென்று விழுந்துவிட, இருபத்தொரு வயது வாலிபர் ஒருவர் மட்டையைச் சுழற்றிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். பகல் சாப்பாட்டுக்கு முன்பே ஸெஞ்சுரி. தேநீர் வேளைக்குள் 200-ஐத் தாண்டிவிட்டார். அன்றைய ஆட்டம் முடிந்தபோது அவர் கணக்கில் 309 ரன்கள்! மறுநாள் 334-ல்தான் அவுட் ஆனார். அந்த இன்னிங்ஸில் பந்து வீசியவர்களில் ஹரால்ட் லார்வுட் என்ற வேகப் பந்து வீச்சாளரும் ஒருவர். 139 ரன்களைக் கொடுத்து அவர் பெற்றது ஒரே ஒரு விக்கெட்.

அந்த வாலிபர் டான் பிராட்மன். அந்தத் தொடரின் ஐந்து பந்தயங்களில் அவர் குவித்தவை 974 ரன்கள்.

எந்தக் காலத்திலும் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று ரன் வித்தியாசத்தில் முந்துவதும் பிந்துவதுமாக இருப்பார்கள். டெஸ்டில் சராசரி 50 இருந்தாலே பெரிய ஆட்டக்காரர் என்று ஒப்புக்கொள்வது வழக்கம். பிராட்மன் காலத்திய இங்கிலாந்தின் மகா வீரர் ஹாமண்டின் சராசரி 58.45. மேற்கிந்தியத் தீவுகளின் ஹெட்லி 60.83. பிராட்மனுடையதோ 99.94! இரண்டாவதாக நிற்பவரைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டு ஓடியவர் அவர். அப்படிப்பட்டவரை நேர் வழியில் வெல்வது எப்படி? இந்தக் கேள்வி இங்கிலாந்துக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

பம்பாயில் பிறந்தவர்

விடை கண்டவர் டக்ளஸ் ஜார்டைன். பம்பாயில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1932-ல் ஆஸ்திரேலியா செல்லும் அணிக்குக் காப்டனாக அவரை நியமித்தார்கள். முன்பு ஓவல் மைதானத்தில் மழைக்குப் பிறகு லார்வுட்டின் பந்துகள் மார்பளவுக்கு எழும்பியபோது பிராட்மன் சற்றே தடுமாறியதாக ஒரு பேச்சு இருந்தது. அந்தச் சிறு துவாரம் ஜார்டைனுக்குப் போதுமானதாயிற்று. லண்டனில் ஓர் இரவு விருந்தில் லார்வுட்டையும் அவருடைய தோழர் வோஸையும் அழைத்து வைத்துக்கொண்டு யோசனை செய்தார்.

திட்டம் இதுதான். பந்தைக் குட்டையாகக் குத்தி, ஆடுபவரின் விலாவுக்கும் தலைக்கும் எழும்பும்படி வீசுவது. லெக் பக்கத்தில் ஐந்தாறு பேரை அருகே வளைத்து நிறுத்துவது. தடுத்தால் காட்ச், ஓங்கி அடித்தால் எல்லையில் ஆள் காத்திருக்கிறார், பேசாமல் நின்றால் உடம்பில் அடி! தலைக்கவசம் இல்லாத காலம் அது. ‘பாடிலைன்’ என்று பத்திரிகைகள் இதற்குப் பெயர் சூட்டின.

லார்வுட் சாமானியக் குடும்பத்துப் பிள்ளை. நாட்டிங்காம்ஷயரில் பதினாலு வயதிலேயே நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனவர். நெட்டையான ஆளும் அல்ல. ஆனால் அந்த வேகத்தோடு பந்து குறி தவறாமல் விழும். ஜார்டைன் தேடிய கருவி அதுவே.

அடிலெய்டில் ரகளை

முதல் பந்தயத்தில் பிராட்மன் ஆடவில்லை. மெல்போர்னில் இரண்டாவது பந்தயத்தில் முதல் பந்திலேயே அவுட்! வீழ்த்தியவர் லார்வுட் அல்ல, போவெஸ். ஆனால் இரண்டாவது இன்னிங்ஸில் அவுட் ஆகாமல் 103 அடித்து ஆஸ்திரேலியாவை ஜயிக்க வைத்தார். பிறகு லெக் பக்கம் நகர்ந்து நின்று, ஆளில்லாத மறு பக்கத்தில் பந்தை வெட்டியடிக்கும் புது உபாயத்தையும் கையாண்டார். துணிச்சலான வேலைதான், ஆனால் ஆபத்தான வேலை.

1933 ஜனவரியில் அடிலெய்டில் விபரீதம் முற்றியது. லார்வுட்டின் பந்து ஆஸ்திரேலியக் காப்டன் உட்புல்லின் மார்பில் தாக்கியது. அவர் துடித்துப்போனார். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் ஊளையிட்டார்கள். சிறிது நேரத்தில் ஜார்டைன் சாவதானமாக லெக் பக்க வியூகத்தை அமைத்தார். இதை மன்னிக்க முடியவில்லை ஜனங்களால். விசாரிக்க வந்த இங்கிலாந்து மானேஜரிடம் உட்புல், மைதானத்தில் இரண்டு அணிகளில் ஒன்றுதான் கிரிக்கெட் ஆடுகிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னர் ஓல்ட்பீல்டின் மண்டை எலும்பில் கீறல் விழுந்தது. அப்போது பாடிலைன் வியூகம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜனவரி 18-ல் ஆஸ்திரேலிய போர்டு லண்டனுக்குத் தந்தி அடித்து, இது விளையாட்டுப் பண்புக்கு விரோதம் என்றது. லண்டன் சினந்தது. கடைசியில் ஆஸ்திரேலியர்களே அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றார்கள்.

இங்கிலாந்து அணியிலேயே ஒருவர் இதற்கு உடன்படவில்லை. லெக் பக்க வளையத்தில் நிற்க மாட்டேன் என்று மறுத்தார். சிட்னியில் தம் முதல் டெஸ்டிலேயே 102 அடித்த நம் நாட்டுப் பட்டோடி நவாப் அவர். இரண்டாவது பந்தயத்துக்குப் பிறகு அவருக்கு அணியில் இடமில்லை.

தொடரை 4–1 என்று இங்கிலாந்து வென்றது. லார்வுட்டுக்கு 33 விக்கெட்டுகள். அவற்றில் பிராட்மன் நாலு தடவை. பிராட்மனின் சராசரி 56.57-க்கு இறங்கியது. மற்றவர்கள் வாழ்நாளெல்லாம் ஆசைப்படும் கணக்கு, அவர் விஷயத்தில் தோல்வி என்று எழுதப்பட்டது!

யாருக்குத் தண்டனை?

அதே 1933-ல் மேற்கிந்தியத் தீவுகளின் கான்ஸ்டன்டைனும் மார்ட்டின்டேலும் மாஞ்செஸ்டரில் அதே அஸ்திரத்தை இங்கிலாந்தின் மேல் பிரயோகித்தார்கள். ஜார்டைன் முணுமுணுக்காமல் நின்று 127 அடித்தார். அவருடைய நெஞ்சுரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தங்கள் மைதானத்திலேயே அதைக் கண்ட பிறகு இங்கிலாந்துக்காரர்களின் மனம் மாறத் தொடங்கியது. காலப்போக்கில் விதிகளும் மாறின. லெக் பக்கம் பின்புறத்தில் இருவருக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 1957-ல் வந்தது.

ஜார்டைன் அடுத்த குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் காப்டனாகவே வந்தார். 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் ஆடியதே அவருடைய கடைசி டெஸ்ட். ஆஸ்திரேலியர்களுடன் ஆட விருப்பமில்லை என்று அவரே விலகிக்கொண்டார்.

லார்வுட்டை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். காப்டன் சொன்னதைத்தானே செய்தேன், எதற்கு மன்னிப்பு என்று அவர் மறுத்தார். நியாயமான கேள்விதான். உத்தரவிட்டவரை விட்டுவிட்டு உத்தரவுக்குப் பணிந்தவரைப் பிடிப்பது கிரிக்கெட்டில் மட்டுமா நடக்கிறது? சிட்னியில் காலெலும்பு முறிந்த அந்தப் பந்தயமே, 98 ரன் அடித்த அதே பந்தயமே, இங்கிலாந்துக்காக அவர் ஆடிய கடைசிப் பந்தயமாயிற்று. அப்போது அவருக்கு வயது 28.

பிராட்மன் 1948 வரை ஆடினார். ஓவலில் தம் கடைசி இன்னிங்ஸில் நாலு ரன் எடுத்திருந்தால் சராசரி நூறாகியிருக்கும். ஹாலிஸின் இரண்டாவது பந்திலேயே பூஜ்யம். 2001-ல் தமது 92-ம் வயதில் காலமானார்.

லார்வுட் பிளாக்பூலில் ஒரு சிறு மிட்டாய்க் கடை வைத்துப் பிழைத்தார். 1950-ல் மனைவியையும் ஐந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு, ஒரு காலத்தில் தமக்கு எதிராகக் கூச்சல் போட்ட அதே ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறப் புறப்பட்டார். ஏற்பாட்டுக்கு உதவியவர் ஜாக் பிங்கிள்டன். 1932-ல் அவருடைய பந்துகளுக்கு எதிரில் நின்ற ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்! ஏறிய கப்பல் ‘ஓரன்டெஸ்’. ஜார்டைனின் அணியை ஏற்றிச் சென்றதும் அதே கப்பல்தான். சிட்னியில் ஜனங்கள் அவரை அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். 1995-ல் அங்கேயே கண்ணை மூடினார். ஜார்டைன் பரிசாக அளித்த வெள்ளிச் சாம்பல் கிண்ணம் ஒன்று அவரிடம் இருந்தது. நன்றியுள்ள காப்டனிடமிருந்து என்று அதில் பொறித்திருந்தது.