கடல் தாண்டும் ரூபாய்

சேலையூரில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய புதல்வி மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்ல ஆயத்தமாகி வருகிறாள். அங்கே ஸர்க்கார் கலாசாலைகள் பெரும்பாலானவற்றில் சம்பளம் கிடையாது என்று கேட்டு நண்பர் மகிழ்ந்திருந்தார். ஆனால் ஒரு வருஷ ஜீவனத்துக்கான தொகையைப் பிரத்தியேகக் கணக்கொன்றில் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். மாதந்தோறும் 992 யூரோ வீதம்தான் மாணவி எடுத்துக்கொள்ளலாம். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது.

தாம்பரத்தில் ஒரு பாங்கிக்குப் போய், "பணம் அனுப்பக் கமிஷன் என்ன?" என்று விசாரித்தார் நண்பர். "ஆயிரம் ரூபாய்தான்" என்று பதில் வந்தது. இவ்வளவு பெரிய தொகைக்கு ஆயிரந்தானா என்று சந்தோஷமாக வீடு திரும்பியவர், இரவு கணக்குப் பார்த்தபோது திடுக்கிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக நம் வீட்டு வாசலில் நின்றார்.

அவர் திடுக்கிட்டதற்குக் காரணம் உண்டு. சந்தையில் ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாங்கி அதையே நூற்றுமூன்று ரூபாய்க்கு விற்கிறது. மூன்று ரூபாய் அற்பந்தானே என்று தோன்றும். 11,904ஆல் பெருக்கிப் பார்த்தால் 35,712 ரூபாய் ஆகிறது! வாய்விட்டுச் சொன்ன கமிஷன் ஆயிரம். வாய் திறவாமல் வாங்குவது அதைப்போல் முப்பத்தைந்து மடங்கு. இது களவன்று, வியாபாரம். ஆயினும் கேட்டாலன்றி யாரும் சொல்வதில்லை. செலாவணி மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. வேறு இருக்கிறது. இந்தத் தொகைக்கு அது ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் வரும். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "கமிஷன் என்ன?" என்பதல்ல. "நான் இத்தனை ரூபாய் கொடுத்தால் அங்கே எத்தனை யூரோ போய்ச் சேரும்?" என்பதே. ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், மூன்று இடங்களில் இதைக் கேட்க வேண்டும். பலகையில் எழுதியிருக்கும் விகிதம் பிரம்மா எழுதிய எழுத்தல்ல. பெரிய தொகையானால் மானேஜர் மேலிடத்தைக் கேட்டுக் குறைப்பதுண்டு. நடுவழியில் வேறு பாங்கிகளும் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளக்கூடும். ஜெர்மனியில் ஐந்து யூரோ குறைந்து போய்ச் சேர்ந்தாலும் கணக்கு நிறையாது. எல்லாச் செலவும் அனுப்புகிறவருடையது என்று மனுவிலேயே குறித்துவிடுவது நலம்.

வரி விஷயமும் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் வருஷத்தில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு முன்வரி பிடிக்கிறார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. பிடித்த பணம் வருமான வரிக் கணக்கில் வரவாகும் என்றாலும், அதுவரையில் கை முடைதானே? பாங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு அதே ஏப்ரல் முதல் இந்தப் பிடித்தம் இல்லை. நண்பர் கடனே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர்; இதைக் கேட்டதும் சற்று யோசிக்கலானார்.

குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சிங்கப்பூரில் பிள்ளைகளை வைத்திருப்போர் பாக்கியசாலிகள். 2023 பிப்ரவரி 21-ஆம் தேதி நம் யு.பி.ஐ.யும் அந்நாட்டுப் 'பே நவ்'வும் இணைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை கைப்பேசியிலிருந்தே அனுப்பலாம் என்று ஏற்பாடு. இங்கிருந்து பணம் அனுப்ப முதலில் அனுமதி பெற்ற நான்கு பாங்கிகளில் இரண்டு நம் சென்னையில் பிறந்தவை என்பதை எழுதும்போது நமக்குச் சிறிது கர்வம் உண்டாகிறது. 1906-ல் ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்தக் கண்ணீரிலிருந்து மறு வருஷமே சுதேசி முயற்சியாக எழுந்தது இந்தியன் பாங்கி. இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கியை எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. கடல் கடந்த தமிழரின் பணத்துக்கு அந்நிய பாங்கிகளை நம்பியிருந்த காலம் அது. கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்ததும் அதே வருஷந்தான்.

உண்டியல்காரர்களைப் பற்றியும் நண்பர் தணிந்த குரலில் கேட்டார். சல்லிசாகத்தான் இருக்கும். ஆனால் அது சட்ட விரோதம். பணம் போய்ச் சேராவிட்டால் முறையிடவும் இடமில்லை. படிக்கப் போகும் பெண்ணின் பெயரில் அப்படி ஒரு பணம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

திங்கட்கிழமை மூன்று பாங்கிகளுக்கும் போவதாக முடிவாயிற்று. துணைக்கு மனைவியையும் அழைத்துச் செல்கிறாராம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்த அம்மாளின் பேரம் பிரசித்தம்.